மேனேஜர் தோளில் ஒரு கை

அந்தப் படம் கடைக்கு வரும் என்று பிசிறுக்கு முன்பே தெரியும். வந்தால் தன் மேசைக்குத்தான் வரும் என்றும் தெரியும். அதைத் திறந்த கொஞ்ச நேரத்தில் மவுஸைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல் கை பரபரக்கும் என்பது மட்டும்தான் தெரியாது.

பிசிறு என்பது முதலாளி வைத்த பெயர். பேனர், அழைப்பிதழ், அடையாள அட்டை எல்லாம் அடித்துத் தரும் அந்தக் கடையில், படங்களிலிருந்து பேக்ரவுண்டை எடுப்பது அவள் வேலை. ஆளை வெட்டி எடுத்தோம், நீலத்தை ஊற்றினோம் என்று அவளால் விட முடியாது. காதோரம் பறக்கிற ஒற்றை முடி, மூக்குக் கண்ணாடிக்கும் கன்னத்துக்கும் நடுவில் துண்டாகத் தெரிகிற பழைய சுவர், இதையெல்லாம் பெரிதாக்கிப் பார்த்து ஒவ்வொன்றாக எடுப்பாள். எடுத்த பிறகும் சந்தேகமாக இருக்கும். இன்னொரு முறை பார்ப்பாள். "அந்தப் பிசிறை விடும்மா, யார் பார்க்கப் போறா?" என்று முதலாளி சொல்லிச் சொல்லி அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. அவருக்கும் ஒரு பெயர் உண்டு, அவர் காதில்தான் விழுந்ததில்லை: ஒரே கிளிக். எந்த வேலை வந்தாலும் "இதெல்லாம் ஒரே கிளிக்" என்பார். கிளிக் செய்வது அவர், அதற்குப் பிறகு உட்கார்ந்து சுத்தம் செய்வது இவள். கடை ஓடியதே அப்படித்தான்.

படம் மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. அங்கே சலவைப் பிரிவில்தான் அவள் அம்மா வேலை செய்தாள். படுக்கை விரிப்புகளை உருளை இயந்திரத்துக்குள் விட்டு மறுபக்கம் மடித்து அடுக்குகிற வேலை. மருத்துவமனை தொடங்கிய நாளின் ஆண்டு நிறைவுக்கு எல்லா ஊழியர்களையும் நிறுத்திப் படம் எடுத்து, வாசல் கூடத்தில் சுவரளவுக்கு மாட்டப் போவதாக அறிவித்திருந்தார்கள். எல்லோரும் என்றால் எல்லோரும். அம்மா பச்சைப் புடவை கட்டிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவள் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கதையை ஆரம்பித்துவிட்டாள்.

"டாக்டருங்க எல்லாம் முன்னாடி நாற்காலியில. நாங்க பின்னாடி பெஞ்சு மேல. வாட்ச்மேன் மாமா ஏறினாரு பாரு, பெஞ்சு தராசுத் தட்டு மாதிரி ஒரு பக்கமா இறங்கிடுச்சு. நான் இந்தப் பக்கம் ஆகாசத்துல நிக்கிறேன்! போட்டோக்காரன் கத்தறான், 'முன்னாடி இருக்கறதைப் பிடிச்சுக்கோங்க, விழுந்துடாதீங்க'ன்னு. ஆளாளுக்கு நாற்காலி முதுகைப் பிடிச்சுக்கிட்டோம். மாமா அவசரத்துல மேனேஜர் தோளையே பிடிச்சிட்டாரு. அந்த மனுஷன் மூஞ்சியைப் பாக்கணுமே!"

அதோடு நிறுத்தவில்லை. "பெரிசா அடிக்கணும், எங்க குடுக்கறதுன்னு மேனேஜர் யோசிச்சுக்கிட்டு இருந்தாரு. நான்தான் சொன்னேன், எங்க பொண்ணு பிரிண்ட் கடையிலதான் இருக்கா சார், பிசிறு இல்லாம செய்வான்னு. உடனே நம்பரை வாங்கிக்கிட்டாரு."

இந்தக் கதையை அம்மா மாடி வீட்டுக்காரியிடமும் சொன்னாள், சித்தியிடம் போனிலும் சொன்னாள். ஒவ்வொரு முறையும் பெஞ்சு இன்னும் கொஞ்சம் சாய்ந்தது.

பிசிறு படத்தைத் திறந்ததும் முதலில் அம்மாவைத்தான் தேடினாள். பின்வரிசையில், குழந்தை டாக்டரின் தலைக்கு மேலே, பச்சைப் புடவை. அம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் யாராவது படம் எடுக்கப் போனைத் தூக்கினாலே கையால் வாயை மறைத்துக்கொள்கிறவள். மேல்வரிசையில் ஒரு பல் கோணல். இந்தப் படத்தில் இரண்டு கையும் நாற்காலியைப் பிடித்திருந்ததால் மறைக்க முடியாமல் போயிருக்கிறது. பிசிறு பெரிதாக்கிப் பார்த்து, தானும் சிரித்துக்கொண்டாள்.

அப்போதுதான் முதலாளி மேனேஜரின் குரல் செய்தியை ஓட விட்டார்.

"பேக்ரவுண்ட் பூரா எடுத்துடுங்க. அந்தப் பழைய சுவர், தண்ணித் தொட்டி, பின்னாடி நிக்கிறவங்க, எல்லாம். முன்வரிசை மட்டும் போதும். பின்னாடி நம்ம புதுக் கட்டடத்தோட படத்தை வெச்சிடுங்க. அது தனியா அனுப்பியிருக்கேன்."

பிசிறு மறுபடியும் ஓட விடச் சொன்னாள். தவறாகக் கேட்டிருப்போமோ என்ற சந்தேகம் அவளுக்கு எப்போதும் உண்டு. இரண்டாம் முறையும் அதேதான்.

"அண்ணே, பின்னாடி நிக்கிறவங்கன்னா ஆளுங்கண்ணே."

"ஆளுங்கதான். தண்ணித் தொட்டியும்தான் சொல்லியிருக்காரு."

"இது எங்க அம்மா." விரலைத் திரையில் வைத்தாள்.

முதலாளி குனிந்து பார்த்தார். "அட, ஆமா. நல்லாத்தான் விழுந்திருக்காங்க." கொஞ்சம் தயங்கினார். "தனியா வெட்டி ஒரு பிரிண்ட் போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. நான் எதுவும் சொல்ல மாட்டேன்."

"மேனேஜரைக் கூப்பிடுங்கண்ணே. ஏதோ புரியாமச் சொல்லியிருப்பாரு."

கூப்பிட்டார். போனை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி போட்டார். மேனேஜர் மிகவும் இனிமையாகப் பேசுகிற மனிதர். "இல்லம்மா, சரியாத்தான் சொன்னேன். அவங்க நின்னதுல ஒரு குறையும் இல்லை. படம் நெரிசலா இருக்கு, அவ்வளவுதான். பெரிய டாக்டரம்மாவுக்குக் கூட்டமா இருந்தாப் பிடிக்காது."

"சார், எல்லாரையும் வரச் சொல்லித்தானே எடுத்தீங்க?"

"எடுத்தோம். எடுத்த பிறகுதானே எப்படி இருக்குன்னு தெரியுது."

"பின்வரிசையில எங்க அம்மா இருக்காங்க சார். சலவையில வேலை."

"அப்படியா! அவங்களா? அவங்கதான் உங்க கடையைச் சொன்னாங்க. தங்கமான மனுஷி. அவங்க எல்லாம் தப்பா எடுத்துக்க மாட்டாங்கம்மா. வெள்ளிக்கிழமை திறப்பு, வியாழக்கிழமை பிரிண்ட் வந்துடணும், என்ன?"

போன் ஓய்ந்தது. பிசிறுக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருக்கலாம். தங்கமான மனுஷியாம். தங்கத்தை யாராவது பெஞ்சு மேல் ஏற்றி நிறுத்திவிட்டு, தண்ணீர்த் தொட்டியோடு சேர்த்துத் துடைப்பார்களா?

"நான் இதைச் செய்ய மாட்டேன்ணே."

"கோபப்படாதே. நம்ம வேலை என்ன? சொன்னதைச் செய்யறது. கல்யாணப் படத்துல மாப்பிள்ளையையே எடுத்திருக்கோம்."

"அந்த மாப்பிள்ளை எங்க அம்மா இல்லை."

"சரி விடு, நானே செய்யறேன். இது என்ன பெரிய வேலை? ஒரே கிளிக்."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிசிறு எழுந்து எதிர் மேசைக்குப் போய், யாரோ ஒரு வக்கீலின் விசிட்டிங் கார்டுகளை வெட்ட ஆரம்பித்தாள். முதுகைத் திருப்பிக்கொண்டுதான் வெட்டினாள். வழக்கமாக அவர் கிளிக் செய்ததும் "பிசிறு, ஒரு பார்வை பாரு" என்பார், அவள் போய் ஓரங்களைச் சரிசெய்வாள். அன்று அவர் கூப்பிடவும் இல்லை, கூப்பிட்டிருந்தாலும் அவள் போயிருக்க மாட்டாள். அவர் மேனேஜருக்கு ஒரு சின்னப் படம் அனுப்பினார். மேனேஜர் போனில் பார்த்துவிட்டு 'சூப்பர்' என்று பதில் போட்டார். வேலை முடிந்தது.

மாலையில் அவள் படம் திருத்தப் பழகப் போகிற வகுப்பிலும் மனம் ஒட்டவில்லை. எதையும் அழிக்காதே, மறைத்து வை, பிறகு தேவைப்பட்டால் திரும்பக் கொண்டு வரலாம் என்று அன்றைக்குப் பார்த்து அதைத்தான் நடத்திக்கொண்டிருந்தார்கள். பாதியில் எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் அம்மா கதவைத் திறந்ததுமே கேட்டாள். "எங்க படம் வந்துச்சாடி?"

சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் சொல்வதற்குத்தான் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தாள். சொன்னால் அம்மா இன்றைக்கு அழுவாள். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லோர் முன்னிலும் நிற்பாள். கணக்கு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் வாசலில் அந்த முகத்தைப் பார்த்ததும் கணக்கு கலைந்துவிட்டது. நாளைக்கு மேனேஜர் மனம் மாறலாம். ஒரே கிளிக் செய்த வேலை பிடிக்காமல் திருப்பி அனுப்பலாம். அப்போது தானே உட்கார்ந்து பின்வரிசையைப் பேசி வாங்கலாம்.

"வந்துச்சு. அண்ணன் பாக்கறாரு."

"நீ பாக்கலையா?"

"எனக்கு வேற வேலை."

"நான் எப்படி விழுந்திருக்கேன்?"

"நல்லாத்தான் விழுந்திருக்கே."

பொய் இல்லை. சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் மூடி ஒன்று தெறித்து அடுப்புக்கு அடியில் போனது.

"பாத்திரம் உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு?" என்றாள் அம்மா கூடத்திலிருந்து. அங்கே பச்சைப் புடவையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். திறப்பன்றைக்கும் அதையே கட்டுவதாம். அப்போதுதானே படத்தில் இருக்கிற ஆள் இவள்தான் என்று பார்க்கிறவர்களுக்குச் சட்டென்று தெரியும்.

வெள்ளிக்கிழமை பிசிறு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனாள். அம்மா பக்கத்தில் நிற்கவாவது நிற்கலாம் என்று ஒரு எண்ணம். வாசல் கூடத்தில் டாக்டர்கள், நர்சுகள், நோயாளிகளோடு வந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருவர், கால் கட்டோடு ஒருவர். பின்வரிசைக்காரர்கள் இங்கேயும் ஓரமாகத்தான் நின்றார்கள். சமையல் கூடத்து அக்கா புது வளையல் போட்டிருந்தாள். வாட்ச்மேன் மாமா மீசையை முறுக்கி விட்டிருந்தார். அம்மா மகளின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"இப்பவாவது சொல்லுடி, எந்தப் பக்கம் பாக்கணும்? இடது பக்கமா, வலது பக்கமா?"

"அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வா."

"இப்பவா? திறக்கப் போறாங்கடி."

பெரிய டாக்டரம்மா கயிற்றை இழுத்தார். துணி விழுந்தது. எல்லோரும் கை தட்டினார்கள்.

சுவர் முழுக்க வெள்ளைக் கோட்டுகள். அவற்றுக்குப் பின்னால் இன்னும் கட்டி முடிக்காத கட்டடம், கணினியில் வரைந்த வெயிலில் பளபளத்தது. பின்வரிசை இல்லை. கைதட்டல் ஓயும்போது, கால் கட்டுப் போட்டவர் சத்தமாகவே கேட்டார்.

"மேனேஜர் தோள்ல யாருங்க கை?"

அப்புறம் எல்லோருக்கும் தெரிந்தது. மேனேஜர் தோளில் ஒரு முரட்டுக் கை, மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு, வாழைப்பழ அளவு விரல்களோடு உட்கார்ந்திருந்தது. பெரிய டாக்டரம்மாவின் நாற்காலி முதுகில் நாலு விரல். அடுத்த நாற்காலியில் வளையலோடு ஒரு பாதிக் கை. வரிசை முழுக்க, வெள்ளை உறை போட்ட நாற்காலிகளைப் பின்னாலிருந்து யாரோ எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், பிடித்தவர்களைத்தான் காணோம். முன்வரிசையைத் தொட்டுக்கொண்டிருந்ததை எல்லாம் முன்வரிசையின் கை என்று மென்பொருள் நினைத்துக்கொண்டது. ஒரே கிளிக் பெரிதாக்கிப் பார்க்கவில்லை. போன் திரையில் அதெல்லாம் நாற்காலித் துணியின் மடிப்பு போலத் தெரிந்திருக்கும்.

யாரோ ஒரு நர்சு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு தொற்றிக்கொண்டது. மேனேஜர் தன் தோளைத் தானே தட்டிப் பார்த்துக்கொண்டார், அங்கே ஏதோ இருப்பது போல.

அம்மா சிரிக்கவில்லை. படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் பச்சையைத் தேடினாள். இல்லை என்று தெரிந்தும் இன்னொரு முறை தேடினாள். பிறகு குழந்தை டாக்டரின் நாற்காலிக்கு நேரே போய் நின்று அண்ணாந்து பார்த்தாள். அங்கே இருந்த ஆள்காட்டி விரலில், உருளை இயந்திரம் சுட்ட தழும்பு உள்ளங்கை அகலத்துக்குப் பளபளத்தது. அம்மா தன் விரலை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டாள்.

திரும்பி வந்து மகள் முன்னால் நின்றாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா."

"எப்பலேருந்து?"

"படம் வந்த அன்னைக்கே."

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு சலவைப் பிரிவுக்குப் போனாள். பிசிறு பின்னாலேயே ஓடினாள். உள்ளே நீராவிப் புழுக்கத்தில், புடவை மேலேயே வேலை அங்கியை மாட்டிக்கொண்டு, அம்மா விரிப்புகளை உதறினாள். ஒவ்வொரு உதறலும் சாட்டை மாதிரி விழுந்தது.

"நான் செய்யலைம்மா. மாட்டேன்னு சொல்லிட்டேன். சண்டை போட்டேன், சத்தியமா."

"யார்கிட்ட?"

"மேனேஜர்கிட்ட. அண்ணன்கிட்ட."

"என்கிட்ட என்ன சொன்னே?"

பிசிறு விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கப் போனாள், அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

"அந்த மேனேஜர் யாருடி எனக்கு? மாமனா மச்சானா? அவன் எடுப்பான், வைப்பான், வேணும்னாக் கறிவேப்பிலை மாதிரி பொறுக்கிப் போடுவான். அவன்கிட்ட எனக்கென்ன கோபம்? நீ என் வயித்துல பிறந்தவ. நான் இந்தப் புடவையை இஸ்திரி போடறதைப் பாத்துக்கிட்டே நின்னே. எந்தப் பக்கம் பாக்கணும்னு ஊர் முன்னாடி உன்னைத்தானே கேட்டேன்?"

"நீ அழுவேன்னு நினைச்சேன்."

"அழுதா என்ன? வீட்டுக்குள்ள அழுதிருப்பேன். மூக்கைச் சிந்திட்டு, வேற புடவையில வந்திருப்பேன். போ. மிஷின் பக்கத்துல நிக்காதே, சுட்டுக்கும்."

அன்று வீட்டில் அம்மா சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை. பிசிறு தூங்கி எழுந்தபோது கோபமும் கூடவே எழுந்தது. யார் மேல் என்றுதான் பிரிக்க முடியவில்லை. மேனேஜர் மேலா, ஒரே கிளிக் மேலா, பேச வேண்டிய நேரத்தில் பேசாத தன் வாய் மேலா? மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன.

கடைக்குள் நுழையும்போதே முதலாளி இரண்டு கையாலும் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். போனுக்குள் மேனேஜர் இனிமையை எல்லாம் கழற்றி வைத்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார். "பேய்ப் படமாய்யா இது? மறுபடியும் துணியைப் போட்டு மூடி வெச்சிருக்கேன். பெரிய டாக்டரம்மா என்னோட பேசவே மாட்டேங்கறாங்க. இன்னைக்குள்ள எல்லாக் கையும் போகணும்!"

முதலாளி போனை வைத்துவிட்டு அவளைப் பார்த்தார். "பிசிறு, கண்ணு."

"ஒரே கிளிக் அண்ணனுக்கு ஒரே கிளிக்ல போயிடுமே."

"ஓ, அப்படித்தான் எனக்குப் பேரா? சரி, கூப்பிட்டுக்கோ. மூணு தரம் கிளிக் பண்ணிட்டேன். கை போனா தோளும் சேர்ந்து போகுது."

பிசிறு உட்கார்ந்தாள். ஆனால் அவள் திறந்தது வேறு: மூலப் படத்தை. பழைய சுவரையும் தண்ணீர்த் தொட்டியையும் மட்டும் எடுத்தாள். பின்வரிசையை ஒவ்வொருவராக, ஒரு முடி பிசகாமல் சுற்றி வந்தாள். பச்சைப் புடவையின் தலைப்பு காற்றில் பறந்த இடத்தைச் செய்யும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் புதுக் கட்டடத்தை வைத்தாள். எல்லோரும் இருந்தார்கள், எல்லாக் கைகளுக்கும் ஆள் இருந்தது. நெரிசல் ஒன்றும் இல்லை. இதைத்தான் அனுப்பப் போகிறேன், முடிந்தால் இவர்களை எடுத்துப் பாருங்கள் என்று மேனேஜரிடம் சொல்லப் போகிறேன் என்று நினைத்தபோது, கடை வாசலில் அம்மா குரல் கேட்டது.

மதிய இடைவேளை. அம்மா வேலை அங்கியோடு வந்திருந்தாள். கூடவே சமையல் கூடத்து அக்காவும் வாட்ச்மேன் மாமாவும். கடை சின்னது, மாமா நுழைந்ததும் முதலாளி மேசைக்குப் பின்னால் ஒதுங்க வேண்டியதாயிற்று.

பிசிறு திரையைத் திருப்பிக் காட்டினாள். "பாரும்மா. எல்லாரையும் வெச்சிட்டேன்."

அம்மா பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். கோணல் பல்லைப் பார்த்துக் கை தானாக வாய்க்குப் போனது.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "எடுத்துடு."

"எதை?"

"என்னை. வேண்டாம்னு சொன்ன இடத்துல, மகள் வேலை பாக்கற தைரியத்துல நுழைஞ்சு நிக்கணுமா நான்? அந்த விரலையும் எடுத்துடு. ஆள் இல்லாத இடத்துல விரல் மட்டும் என்ன வேலை பாக்குது?"

"அம்மா, அவங்க செஞ்சது தப்பு. நாம எதுக்கு விட்டுக்குடுக்கணும்?"

"நீ விட்டுக்குடுக்காதே. அது உன் கோபம். விரல் என்னுது."

முதலாளி இதுதான் சமயம் என்று நுழைந்தார். "அம்மா சொல்றது ரொம்பச் சரி. எல்லாக் கையையும் எடுத்துடலாம்."

"எல்லாக் கையையுமா?" சமையல் கூடத்து அக்கா அவரைத் திரும்பிப் பார்த்தாள். "உங்களை யாரு கேட்டது? ஏண்டி பிசிறு, என் கை எது, காட்டு."

காட்டினாள்.

"அட, வளையலோட விழுந்திருக்கேன்!" அக்காவுக்கு ஒரு நிமிஷம் மனசில்லை. தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள். "ம்ஹூம். எடுத்துடு. புது வளையல், அவங்க சுவத்துல எதுக்கு வெயில் காயணும்?"

"மாமா, உங்களுது?"

வாட்ச்மேன் மாமா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இருக்கட்டும்."

"ஐயா, அது மேனேஜர் தோள்ல..." என்றார் முதலாளி.

"தெரியும். நான் சும்மா தோள்ல கை போட்டுக்கிட்டு நிக்கலை. பெஞ்சு சாஞ்சப்போ பிடிச்சேன். நான் மட்டும் பிடிக்கலைன்னா பின்வரிசை மொத்தமும் அந்த ஆள் தலை மேல விழுந்திருக்கும். இன்னைக்குக் கத்தறதுக்கு அவருக்கு வாய் இருக்குன்னா, அது இந்தக் கையாலதான். எடுக்கணும்னா என்னைக் கேக்கட்டும்."

"வேலைக்கு ஏதாவது ஆயிடப் போகுது மாமா," என்றாள் பிசிறு.

"நாலு வாசல் இருக்கற ஊர்ல வாட்ச்மேனுக்கா வேலை இல்லை? நீ உன் வேலையைப் பாரும்மா."

மற்றவர்களுக்கு அம்மா அங்கேயே நின்று போன் போட்டாள். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர் எடுத்துவிடச் சொன்னார். துப்புரவுப் பிரிவு அக்கா "என் கை அழகா இருக்கா?" என்று கேட்டுவிட்டு, "இருந்தா இருக்கட்டும், இல்லைன்னா எடுத்துடு" என்றாள். அழகாக இல்லை என்று பிசிறு உண்மையைச் சொன்னாள். போனிலேயே ஒரு வசவு வந்தது. எடுக்கச் சம்மதமும் கூடவே வந்தது.

பிசிறு, மருத்துவமனைச் சுவரில் மாட்டியிருந்த படத்தின் ஃபைலைத் திறந்து வேலையை ஆரம்பித்தாள். கையை எடுத்தால் அதற்கு அடியில் இருந்த நாற்காலித் துணியை வரைந்து நிரப்ப வேண்டும். பக்கத்துத் துணியிலிருந்து இழைகளை எடுத்து, மடிப்பு எங்கே விழும் என்று யோசித்து வைக்க வேண்டும். அம்மாவின் விரல்களைக் கடைசிக்குத் தள்ளிப் போட்டாள். அம்மா நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கட்டை விரல் உன்னுதா, ஆம்புலன்ஸ் அண்ணனுதா?"

"என்னுதுதான். நகம் பாரு, சலவைச் சோடா தின்ன நகம்."

கட்டை விரல் போனது. அடுத்தது. தழும்பு இருந்த விரலில் மவுஸை வைத்துக்கொண்டு பிசிறு நிறுத்திவிட்டாள்.

"என்னடி?"

"எனக்கு முடியலை."

"அன்னைக்கு நீ இதைச் செஞ்சிருந்தா பிசிறில்லாமச் செஞ்சிருப்பே. நானும் ஊர் முன்னாடி என் விரலைத் தேடி நின்னிருக்க மாட்டேன். செய்."

செய்தாள். பெரிதாக்கிப் பார்த்தாள், சிறிதாக்கிப் பார்த்தாள். அங்கே யாரும் எதையும் பிடித்திருந்ததற்கு அடையாளமே இல்லை. அம்மா "ம்" என்றாள். இடைவேளை முடிகிறது என்று மூன்று பேரும் கிளம்பிப் போனார்கள்.

படத்தை அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். முதலாளி கை நீட்டுவதற்கு முன் பிசிறு எடுத்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு. ஆனா என் தோள்ல இருக்கற கை அப்படியே இருக்கே? அதுதானே முக்கியம்!"

"மத்தவங்க எல்லாம் எடுக்கலாம்னு சொல்லிட்டாங்க சார். அந்தக் கைக்காரர் மட்டும் சம்மதிக்கலை."

"என்ன? யார் சம்மதிக்கலை?"

"உங்க கேட்லதான் நிக்கிறார். போய்க் கேட்டுட்டுச் சொல்லுங்க. அவர் சரின்னா, உடனே எடுத்துடறேன்."

"நான் போய் வாட்ச்மேனைக் கேக்கணுமா? என்ன பேசறே நீ? முதலாளியைக் கூப்பிடு!"

பிசிறு போனை நீட்டினாள். முதலாளி அது சுடுகிற பாத்திரம் போல இரண்டடி பின்னால் போனார். தலையையும் ஆட்டினார், கையையும் ஆட்டினார். அவள் போனை மறுபடியும் காதில் வைத்தாள்.

"அவர் வேலையா இருக்கார் சார். எங்க அம்மாவைக் கேட்காம எடுத்தீங்க. அது தப்பு. நானும் அவங்ககிட்டச் சொல்லாம இருந்தேன், அதுவும் தப்பு. இனிமே கேட்காம நான் யாரையும் எடுக்கறதா இல்லை."

சரியாகத்தான் பேசினோமா என்ற சந்தேகம் போனை வைத்த உடனே வந்தது. ஆனால் வைத்தது வைத்ததுதான். முதலாளி வெகுநேரம் மேசை விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "திங்கட்கிழமை நீ வேலைக்கு வர்றியா இல்லையான்னு நான் யோசிக்கணும்," என்றார். பிறகு, "யாராவது ஒருத்தர் பிசிறு எடுக்கணுமே," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

அம்மா வேலை முடிந்து வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. பையை மாட்டினாள், கை கால் கழுவினாள், ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தாள். நேற்றைப் போலவே எதுவும் பேசவில்லை. துவைத்த துணிகளை மடிக்க உட்கார்ந்த அம்மா, பாதியில், துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேட்டுக்குப் போனானாம்."

"யாரு?"

"வேற யாரு? மத்தியானம் ஒரு தரம் போய், பேசாமத் திரும்பிட்டானாம். சாயங்காலம் மறுபடியும் போய், தொண்டையைக் கனைச்சுக்கிட்டு, 'அந்தக் கை விஷயமா'ன்னு ஆரம்பிச்சானாம்."

"மாமா என்ன சொன்னாராம்?"

"பதிவு நோட்டுல பேரு எழுதிட்டு உக்காருங்க, யோசிச்சுச் சொல்றேன்னாராம்."

அம்மாவுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. கோணல் பல் தெரிய, மடித்த துணி சரிந்து கலைகிற அளவுக்குச் சிரித்தாள். பிசிறும் சேர்ந்து சிரிக்க வாயெடுத்தாள். அதற்குள் அம்மாவுக்குத் தான் இன்னும் கோபமாக இருப்பது ஞாபகம் வந்துவிட்டது. சட்டென்று வாயை மூடிக்கொண்டு, கலைந்த துணிகளை மகள் பக்கம் தள்ளினாள்.

"மடி. ஓரம் சரியா வரணும்."